அறிவியலை எடுத்துரைப்போர்க்கு ஒரு மானிப்பாய்ப் பாடம்

(பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாமாண்டு மாணவி)

திருப்பாதிரிப்புலியூர் என்றவுடன் பாடலீசுவரர் திருக்கோயில் நம் நினைவுக்கு வரும். கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்டும் மிதந்து கரையேறிய அப்பரடிகளின் வரலாறு நினைவுக்கு வரும். கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஆனால் இவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. அதை அறிவியல் மாணவராகிய நம்மில் பலர் அறிந்திலோம்.

இவ்வூர் பாடலிபுரம் என வழங்கிய காலத்தில் இங்கே சமணப் பள்ளி ஒன்று சிறந்து விளங்கியது. சர்வநந்தி என்னும் முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், 'லோகவிபாகம்' என்னும் உலகியல் நூலைப் பாடலிகையில் இயற்றினார் என்று அந்நூலிலேயே குறிப்பு இருக்கிறது. அந்தப் பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. சுழியையும் இடமதிப்பையும் கொண்டு பெரிய எண்களைச் சொல்லும் முறை தெளிவாகக் காணப்படும் மிகப் பழைய நூல்களுள் இது ஒன்றென்று கணித வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுகின்றனர். எண்களைக் குறியால் எழுதாமல் சொல்லால் அடுக்கியிருக்கிறார்கள். சுழிக்கு அவர்கள் வைத்த சொற்களில் ஒன்று வெறுமை, இன்னொன்று வானம்!

சர்வநந்தி எழுதிய மூலம் பிராகிருத மொழியில் ஆனது; அது இன்று கிடைக்கவில்லை. பின்னாளில் சிம்மசூரி என்பவர் வடமொழியில் ஆக்கித் தந்த நூலே நமக்குக் கிடைத்திருக்கிறது. மூலம் மறைந்தது, எடுத்துரைத்தவர் நூல் வாழ்கிறது. ஒரு துறையின் அறிவை அத்துறை அறியாதவர்க்கோ அம்மொழி அறியாதவர்க்கோ விளங்கும்படி எடுத்துச் சொல்வது எவ்வளவு பெரிய பணி என்பதற்கு, நாம் நாள்தோறும் பேருந்துக்கு நிற்கும் இந்த ஊரே சான்று.

அப்பணி இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இயந்திரத்தோடு வரும் கையேடு, மருந்துச் சீட்டு, பூச்சிமருந்து டப்பாவின் மேல் ஒட்டிய எச்சரிக்கை, புயல் அறிவிப்பு ஆகிய யாவற்றையும் யாரோ ஒருவர் எழுதித்தான் ஆகவேண்டும். அவரைத் துறையறிவு எடுத்துரைப்பாளர் என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். அவருக்குத் துறையறிவும் மொழியறிவும் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். போதா என்பது என் கருத்து. யாருக்காக எழுதுகிறாரோ அவர்களுடைய வாழ்க்கையை அவர்களிடமே சென்று கற்க வேண்டும். உடன் உழைப்போர் கூட்டம் ஒன்றும் வேண்டும். இவ்விரண்டையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டிய ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மானிப்பாய் மருத்துவர்

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அமெரிக்க நாட்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தவர். (ஈழத்து நூல்களில் 'கிறீன்' என்று எழுதியிருப்பர்.) நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். 1847-இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கினார். அது இன்றும் கிரீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயரோடு நிற்கிறது. அவருடைய தமையன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் நியூயார்க்கை இன்றைய பெருநகராக ஒன்றிணைத்தவர் எனப் புகழப்படுகிறார். தமையன் உலகப் பெருநகருக்கு உருக்கொடுக்க, தம்பி பனையும் வேலியும் சூழ்ந்த மானிப்பாயில் தமிழில் உடற்கூறு எழுதிக்கொண்டிருந்தார்!

அவர் வந்தது சமயப் பணிக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. நம் ஆராய்ச்சிக்கு உரியது அவர் கையாண்ட முறை.

வந்த புதிதில் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். அன்று யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி செழித்திருந்தது. வட்டுக்கோட்டையில் 1823-இலேயே மிஷனார் கல்லூரி தொடங்கியிருந்தனர். ஆகவே மாணவர்க்குக் குறைவில்லை. பாடத்தில் தேறினார்கள், நல்ல மருத்துவர்களாகவும் ஆனார்கள். ஆனால் தேறியவர் கிராமத்தில் தங்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தையும் பெரிய சம்பளத்தையும் நாடி வேற்றூர்களுக்குச் சென்றனர். வாந்திபேதி வந்தால் கூட்டங்கூட்டமாக மடிந்த ஊர்களில் பழைய நிலையே நீடித்தது. மருத்துவர் உண்டாக்கும் முயற்சியில் ஊரைவிட்டுப் போகிறவரை உண்டாக்குகிறோம் என்பதைக் கிரீன் உணர்ந்தார். இதற்குப் பரிகாரமாக அவர் கண்டது என்ன? தமிழில் கற்பிப்பது.

தமிழில் பயின்றவன் தன் மக்கள் நடுவே தங்கித் தொழில் செய்வான். அவன் சொல்வதும் மக்களுக்கு விளங்கும் என்பது அவர் துணிபு. 1864-இல் தமிழில் மருத்துவ வகுப்பு தொடங்கியது. அவரிடம் பயின்று வெளிவந்தோர் இரு மொழியிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர். இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். தம் மாணவர் மேனாட்டுச் சட்டையும் சப்பாத்தும் அணிந்து மேனாட்டார் போல நடப்பதைக் கிரீன் விரும்பவில்லை. கற்பது மேனாட்டு மருத்துவமாயினும் அவர்கள் தமிழராகவே இருக்கவேண்டும் என்று எழுதினார். தம்மைப் போல உடுத்தச் சொல்லும் ஆசிரியரைத்தான் நாம் எங்கும் காண்கிறோம். 'என்னைப் போல ஆகாதே' என்று சொன்ன வெள்ளைக்காரர் அரியவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! தமிழில் மேனாட்டு மருத்துவ நூல் இல்லை. எனவே தாமே முனைந்தார். 'அங்காதிபாதம் சுகரணவாதம் உற்பாலனம்' என்று உடற்கூறும் உடலியக்கமும் நலப்பேணலும் கூடிய நூலும், 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலும் 1857-இல் அச்சேறின. 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875-இல் 'கெமிஸ்தம்', 1883-இல் 'மனுஷ சுகரணம்' என வரிசையாக வெளிவந்தன. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். இவற்றுள் பிற்பகுதி நூல்கள் அவர் 1873-இல் தாயகம் திரும்பிய பின்னர் முடிந்தவை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல் வேலையை விடாமல் செய்தார். 1884-இல் மறைந்தார். தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே எழுதப்பட்டது.

இவ்வளவையும் ஒரு மனிதர் தனியே செய்தார் என்று எண்ணிவிடலாகாது. டான்ஃபோர்த், சாப்மன் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். பெயரைக் கேட்டு வெள்ளையர் என்று மயங்க வேண்டாம். அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள். மிஷன் பள்ளிகளில் அமெரிக்கக் கொடையாளர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அக்கால வழக்கம். மாணவர் தமிழாக்க, ஆசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த, இவ்வாறு நூல்கள் உருவாயின. மருத்துவத்தில் கிரீன் ஆசிரியர். தமிழில் அவரே மாணவர்.

சொல் படைத்த வகை

கலைச்சொல் ஆக்குவதில் கிரீன் ஓர் ஒழுங்கைப் பின்பற்றினார். தமிழில் முன்பே வழங்கும் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அங்கும் பொருந்தியது கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொள்வார். நூல்களோடு சொற்பட்டியல்களையும் அச்சிட்டார்.

'அங்காதிபாதம்' என்ற சொல்லைப் பாருங்கள். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று தலைவன் தலைவியரை உறுப்புறுப்பாகப் பாடும் மரபு நம் இலக்கியத்தில் உண்டு. அம்மரபில் பழகிய காதுக்கு அங்காதிபாதம் என்றதுமே உறுப்புகளை முறையாகச் சொல்லும் நூல் இது என்பது பிடிபடும். சுழியை வானம் என்று சொன்ன நம் பாடலிபுரத்து மரபும் இத்தகையதே. கேட்பவர் முன்பே அறிந்த ஒன்றின் மீது புதிய பொருளை ஏற்றிவைக்கும் முறை இது.

'கெமிஸ்தம்' நேர்மாறானது. அது நம் துறைக்கு அவர் இட்ட பெயர். ஆங்கிலச் சொல்லின் தலையை எடுத்து நம் 'அம்' ஈற்றைப் பூட்டியிருக்கிறார். நான் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் வகுப்பில் இப்போது செய்முறை வகுப்புக்குப் போவதைக் 'கெமிஸ்தத்துக்குப் போகிறோம்' என்றே சொல்கிறோம்! ஆயினும் நாட்டில் அச்சொல் நிலைக்கவில்லை. இரசாயனம் வென்றது; பிறகு தமிழ்நாட்டில் வேதியியல் வந்தது. ஈழத்தில் இன்றும் இரசாயனவியல் என்பர். அவர்கள் ஒட்சிசன், ஐதரசன், காபன் என்று எழுத, நாம் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் என்று எழுதுகிறோம். ஒரே மொழி பேசும் இரு நாட்டு மாணவர் ஒருவர் பாடநூலை மற்றவர் படிக்கத் தடுமாறும் நிலை. பண்பாட்டைக் கடந்து பேசுவதென்றால் கடல் கடந்த அயல்மொழியாரோடு பேசுவது மட்டுமன்று. பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள நம்மவரோடு பேசவும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

எச்சொல் வாழும், எச்சொல் மாயும் என்பதை எந்தக் குழுவும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நம் கல்லூரிக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது, அதற்குப் பெயர் என்னவென்று கரையோர மக்கள் பெரும்பாலோர்க்குத் தெரியாது. செய்தித்தாள்கள் 'ஆழிப்பேரலை' என்று அழகாக எழுதின. மக்களோ ஜப்பானியச் சொல்லாகிய 'சுனாமி'யை எடுத்துக்கொண்டார்கள். படியாத பாட்டியும் இன்று சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின் என்றே காலத்தைக் கணக்கிடுகிறார். கெமிஸ்தம் தோற்ற இடத்தில் சுனாமி வென்றது. துயரத்தோடு வந்த சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

நிற்க. கிரீன் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவர் காலத்துக்குப் பின் தொடரவில்லை. ஆங்கிலமே மீண்டும் இடம்பிடித்தது. இதை வைத்து அவர் முயற்சி வீண் என்பார் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அவர் எழுப்பிய வினா இன்னும் விடையின்றி நம் முன் நிற்கிறது; அதை என் வீட்டிலேயே காண்கிறேன்.

கத்தியும் சுண்ணாம்பும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்பவர். கையெழுத்துப் போடுவார், எழுத்துக்கூட்டிப் படிப்பார். கொடிக்காலில் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை ஊற்றுவார்கள். பிரான்சு நாட்டுப் போர்டோ நகர்ப் பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்காக 1885-இல் மில்லார்டே என்னும் அறிஞர் வெளிப்படுத்திய மருந்து அது. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது.

சென்ற ஆண்டு விடுமுறையில் தந்தையாரோடு நானும் சென்றிருந்தேன். கலவை முடிந்ததும் அவர் இடுப்பிலிருந்த வெற்றிலைக் கத்தியை அதில் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்துப் பார்த்தார்.

"எதுக்குப்பா இது?" என்றேன்.

"கத்தி செவந்துச்சுன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம்மா. அப்படியே ஊத்துனா கொடி கருகிப் போயிடும்" என்றார்.

அப்பருவத்தில்தான் உலோக வினைவரிசையைப் படித்திருந்தேன். கரைசலில் செம்பு அயனி மிஞ்சியிருந்தால் இரும்பு அதை வெளியேற்றும். செம்பு கத்தியின்மேல் செந்நிறமாகப் படியும். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா அது. நான் தாளில் எழுதியதை அவர் கத்தியில் படித்துக்கொண்டிருந்தார். ஏன் சிவக்கிறது என்று விளக்க முயன்றேன். 'அயனி' என்று தொடங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. வாத்தியார் முன் நிற்கும் பிள்ளையைப் போலத் தலையை ஆட்டத் தொடங்கினார். சொல்லை மாற்றினேன். "துத்தத்துல செம்பு கரைஞ்சிருக்குப்பா. சுண்ணாம்பு அதப் புடிச்சு வச்சுக்கும். புடிக்காம விட்டது இரும்பு மேல ஒட்டிக்குது" என்றேன். "அப்ப மயில்துத்தம்ங்கறது செம்பா!" என்று கேட்டுவிட்டு, தகரப் பாத்திரம் ஏன் ஆகாது என்பதை நான் சொல்லாமலே அவராகச் சொன்னார்.

பூச்சிமருந்து டப்பாக்கள் வேறு கதை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரம் ஒன்று இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. நிறத்தால் சொன்னது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பச்சை என்றால் பயிருக்கு நல்லது என்பார்கள்! நிறத்துக்கு நாட்டுக்கு நாடு, தொழிலுக்குத் தொழில் பொருள் மாறும் என்பதை எண்ணாமல் செய்தது போலும். டப்பாவோடு வரும் தாளில் தமிழும் இருக்கிறது. எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில், 'ஊடுருவிப் பாயும் தன்மையுடைய' என்று தொடங்கும். இத்தனை மில்லிலிட்டர் கலக்க என்று இருக்கும். எங்கள் ஊரில் மில்லிலிட்டர் இல்லை. 'டேங்குக்கு ரெண்டு மூடி' என்பதே அளவு. எந்த டப்பாவின் மூடி என்று யாரும் கேட்பதில்லை.

இவை எல்லாவற்றினும் பெரிய இடர் ஒரு சொல்லில் இருக்கிறது. தாளில் 'நஞ்சு' என்று எழுதுகிறார்கள். ஊரில் அதன் பெயர் 'மருந்து'. வயலுக்கு மருந்து அடிக்கிறோம்; பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறோம். இரண்டும் ஒரே சொல். மருந்து என்ற சொல்லோடு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்தைக் கண்டு யார் கையுறை தேடுவார்? ஆங்கிலத் தாளைத் தமிழாக்கியவர் தமிழ் அறியாதவரல்லர். எங்கள் ஊரை அறியாதவர். ஒரு நாள் ஒரு கொடிக்காலில் வந்து நின்றிருந்தால் 'நஞ்சு' என்று எழுதுவதோடு நில்லாமல், 'இது மருந்தன்று' என்று முதல் வரியில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்.

மருத்துவத்துக்கும் இஃது ஒக்கும். எங்கள் பக்கத்தில் 'நெஞ்சக் கரிக்குது' என்றால் இதயம் அன்று, செரியாமை. இதைக் கல்லூரி கற்பிக்காது. நோயாளிதான் கற்பிக்க வேண்டும்.

கூண்டும் காற்றும்

நல்ல முறையில் எடுத்துரைத்ததற்கும் நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கடலூர்த் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டைச் சொல்கிறேன். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவிலுள்ள புயலைக் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வானிலைக் கேடு வரலாம் என்பன. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். படியாதவரும் 'எத்தினாம் நம்பர் கூண்டு?' என்று கேட்டுத் தெரிந்துகொள்வர். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. அந்நாளைப் பற்றி முதியோர் பேசும்போது காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை; கூண்டு எண்ணைச் சொல்கிறார்கள். பதினொன்றாம் எண் எனக்கு மிகப் பிடித்தது. அது புயலைப் பற்றியதே அன்று. எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதை அறிவிப்பது. 'எனக்குச் செய்தி வரவில்லை' என்பதையும் ஒரு செய்தியாகச் சொல்ல ஏற்பாடு செய்த அந்த அறிவாளர் யாரோ, அவரை வணங்கத் தோன்றுகிறது.

ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீன்கள் கூடும் பகுதிகளையும் அலை உயரத்தையும் வட்டார மொழிகளில் மீனவர்க்கு அறிவிக்கிறது. மிக நல்ல பணி. ஆனால் நம் கரையில் காற்றுக்குத் திசைப்பெயர் சொல்வதில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்பர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். வானிலை நூலாரும் காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையாலேயே பெயரிடுகின்றனர். நூலும் கடலும் இவ்விடத்தில் ஒத்துப்போகின்றன. கச்சான் என்ற ஒரு சொல்லை அறிவிப்பில் சேர்த்தால் போதும். மீனவர் காதில் அது நூறு வார்த்தைக்குச் சமம்.

கூட்டமாகச் செய்யவேண்டிய வேலை

ஒருவர் சொல் படைத்தால் அது அவர் வீட்டுச் சொல். பலர் கூடி ஒப்பினால்தான் அது நாட்டுச் சொல். கிரீனுக்கு அவருடைய மாணவர் கூட்டம் இருந்தது. தமிழகத்தில் 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர்; அதற்கென இதழும் நடத்தினர். இரசாயனக் குறியீடுகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, உலகப் பொது எழுத்திலேயே விடுவதா என்பது போன்ற வழக்குகள் அக்காலத்திலேயே எழுந்தன. வழக்கறிஞராக இருந்த இராஜாஜிக்கு இரசாயனத்தின் மேல் என்ன காதலோ தெரியவில்லை. 'திண்ணை இரசாயனம்' என்று நூலே எழுதினார். தலைப்பே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிஞர் பலரைக் கூட்டி 1938-இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1930-களில் தமிழில் அறிவியல் பாடநூல்கள் தோன்ற முயற்சி எடுத்தது. பின்னர் அரசின் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கு நூல்கள் வெளியிட்டது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலில் இரு பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது.

இக்கூட்டங்கள் என்றும் நிலைப்பன அல்ல. அமெரிக்காவில் 1953-இல் வேர்கொண்டு, துறையறிவு எடுத்துரைப்போர்க்கெல்லாம் தாய்ச்சங்கம் போல விளங்கிய 'சொசைட்டி ஃபார் டெக்னிகல் கம்யூனிகேஷன்' என்னும் பெரிய அமைப்பே பொருள் முட்டுப்பாட்டால் 2025-இல் கலைந்துபோயிற்று. பணத்தாலும் கட்டடத்தாலும் நிற்பன பணம் தீர்ந்ததும் விழும். திண்ணையில் கூடுகிற கூட்டத்துக்கு அந்தக் கவலை குறைவு.

அதனால் எங்கள் வகுப்பில் நாங்கள் சிலர் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகிறோம். மீனவர் வீட்டுப் பிள்ளை உண்டு, முந்திரி உடைப்போர் வீட்டுப் பிள்ளை உண்டு, நெசவாளர் வீட்டுப் பிள்ளை உண்டு. ஆய்வுக்கூடத்து அலமாரியில் உள்ள பொருள்களுக்கு அவரவர் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதி வருகிறோம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைப் பெரியவர் பாதி நாள் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். அம்மோனியம் குளோரைடு அவருக்கு நவச்சாரம். போராக்ஸ் வெண்காரம். பொட்டாசியம் நைட்ரேட் வெடியுப்பு. இரும்பு சல்ஃபேட் அன்னபேதி. சோடியம் பைகார்பனேட்டைச் சொல்லவே வேண்டாம். அது நம் வீட்டு ஆப்பசோடா. ஒவ்வொன்றும் எதற்குப் பயன்படும், எதனோடு சேர்க்கலாகாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்க புட்டியில எழுதி வச்சிருக்கறதுதான் புதுப் பேரு கண்ணு" என்றார்.

பட்டியலைத் துறைத் தலைவர் பார்த்தார். ஒரு பொருளுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள் என்றார். தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் சொல் வரலாறு பார்த்துத் தர இசைந்திருக்கிறார். விலங்கியல் மாணவர் மீன்களின் பெயர்களைத் தொகுக்க முன்வந்தால் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையத்தாரிடம் சரிபார்த்துக்கொள்ள எண்ணம். தாவரவியலார் வந்தால் இன்னும் நன்று. பெயரோடு ஊர், சொன்னவர் தொழில், எந்தப் பேச்சில் அச்சொல் வந்தது என்பவற்றையும் தாளில் எழுதி, வேதியியல் துறை வாயிலில் உள்ள பெட்டியில் போடலாம். வெள்ளிக்கிழமை மாலை கூடிப் படிக்கிறோம்.

சென்ற வாரம் அமிலத்தில் வந்து நின்றுவிட்டோம். பழைய நூல்கள் திராவகம் என்கின்றன; பாடநூல் அமிலம் என்கிறது; குளியலறை கழுவும் புட்டியை வாங்கச் சொல்லி அம்மா அனுப்பும்போது அது ஆசிட். புட்டியின்மேல் எச்சரிக்கை எழுதுவதானால் எந்தச் சொல்லை எழுதுவது? மூன்று பேர் அமிலம் என்றார்கள். ஐவர் ஆசிட் என்றார்கள். நெசவாளர் வீட்டுத் தோழி மட்டும் தன் தாத்தா இன்னும் திராவகம் என்றுதான் சொல்கிறார் என்று பிடிவாதமாக நின்றாள். முடிவாகவில்லை. வருகிற வெள்ளிக்கிழமையும் அதுவே பொருள்.